இருபத்திரண்டு வீடுகளில் ஒரே பேச்சு

பெரியவர்களுக்கு எத்தனை தேர்தல் வந்து போனாலும், கட்கியில் ஜெரால்டின் வசிக்கும் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு தேர்தல்தான் முக்கியம். மைதானத் தலைவர் தேர்தல். மாலை ஐந்து முதல் ஆறு வரை அந்தச் சின்ன மைதானத்தில் என்ன விளையாடுவது என்று தலைவர்தான் முடிவு செய்வார்.

இந்த வருடம் ஜெரால்டினின் தம்பி கிளைவ் நின்றான். நாலாம் வகுப்பு. எதிர்த்து நின்றவள் வைஷாலி, பேச்சில் படு கெட்டிக்காரி.

ஆறாம் வகுப்பு ஜெரால்டினுக்குத்தான் பிரசாரப் பொறுப்பு. ஆனால் அவளுக்கு மூன்று நாள் பரீட்சை. அதனால் கிளைவ் தனியாகவே வீடு வீடாகப் போய் வந்தான்.

"எல்லாரும் எனக்குத்தான் ஓட்டுப் போடுவாங்கக்கா" என்றான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நான்காம் நாள் பால் வாங்கப் போன ஜெரால்டினைக் காலனிப் பையன் தேஜஸ் வழிமறித்தான்.

"கிளைவ் ஜெயிச்சா தினமும் கோ-கோதானே?" என்று மராத்தியில் கேட்டான்.

"கிரிக்கெட்னுல்ல எங்கிட்ட சத்தியம் பண்ணினான்" என்று ஹிந்தியில் குறுக்கிட்டான் முகமது இஸ்மாயில்.

மாடிப்படியில் எதிரே வந்த டேனியல் தமிழில் சொன்னான்: "தினமும் ஃபுட்பால். கிளைவே சொல்லிட்டான்."

வீட்டுக்கு வந்ததும் ஜெரால்டின் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கவங்க பாஷையில, தனித்தனியாத்தானே சொன்னேன்?" என்றான் கிளைவ்.

"டேய், இந்தக் காலனியில எல்லாருக்குமே மூணு பாஷையும் தெரியும்டா."

கிளைவ் இதை யோசிக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. "இப்ப மாத்திச் சொன்னா தோத்துடுவேன்."

திட்டத்தான் வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

"தோத்தாலும் தோக்கலாம். நானும் வர்றேன், வா."

இருவரும் ஒரு தாளில் எழுதினார்கள்: திங்கள், வியாழன் கோ-கோ. செவ்வாய், வெள்ளி கிரிக்கெட். புதன், சனி ஃபுட்பால். முன்னாடி தப்பாச் சொன்னதுக்கு ஸாரி.

"இருபத்திரண்டு வீட்டுலயும் இதேதான். ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றாள் ஜெரால்டின்.

முதல் வீடு இஸ்மாயிலுடையது. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். கிளைவின் முகம் வாடியது. ஜெரால்டின் அவன் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

ஒன்பதாவது வீட்டில் கிரிஜா கேட்டாள்: "ஸ்கேட்டிங் கிடையாதா?"

கிளைவ் 'உண்டு' என்று சொல்லப் போனான். பின்னாலிருந்து அக்கா சட்டையை இழுத்தாள். அவன் "திங்கள், வியாழன் கோ-கோ" என்று மறுபடி ஆரம்பித்தான்.

பதினைந்தாவது வீட்டுக்குப் போவதற்குள் அவர்கள் பின்னால் ஒரு பட்டாளமே சேர்ந்துவிட்டது. கிளைவ் வாயைத் திறப்பதற்குள் வாண்டுகள் மூன்று மொழியிலும் மொத்தத்தையும் ஒப்பித்தார்கள், ஸாரி உட்பட.

மறுநாள் ஓட்டு எண்ணினார்கள். மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் கிளைவ் ஜெயித்தான்.

"நானும் உனக்குத்தான் போட்டேன்" என்றான் இஸ்மாயில். "தினமும்னு சொன்னப்ப நம்பல. ரெண்டு நாள்னதும் நம்பிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நிக்டியிலிருந்து வந்த மாமா, ஜெயித்ததற்காகக் கிளைவுக்குப் புதுக் கிரிக்கெட் மட்டை கொடுத்தார். அன்று இரவு அதைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டுதான் தூங்கினான்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மட்டையோடு மைதானத்துக்கு வந்தான். இஸ்மாயில் பந்தோடு தயாராக நின்றான்.

"ஒரே ஒரு ஓவர், தலைவரே."

கிளைவ் அக்காவைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள். மட்டையை ஒரு முறை தடவினான்.

"திங்கள் கோ-கோ" என்றான் தமிழில். பிறகு மராத்தியிலும் ஹிந்தியிலும் சொன்னான்.

ஜெரால்டினுக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் மட்டையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய்க் கோ-கோ வரிசையில் உட்கார்ந்தான்.

"பத்திரம்க்கா" என்று அங்கிருந்தே கத்தினான். "நாளைக்குச் செவ்வாய்."