பத்து ஐம்பத்தெட்டுக்கு ஒரு சாவு

இப்போதெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை.

செத்தவன் உடம்பு ஆறுவதற்குள், அவன் ஏன் செத்தான் என்று நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்துகிறார்கள். விசாரிப்பது? அது வேலை வெட்டி இல்லாதவன் செய்கிற காரியமாம்!

அன்று ஒரு மனிதர் சாகாமலே செத்துப் போனார்.

அதை அவரே உட்கார்ந்து பார்த்தார்!

பல் டாக்டரின் வெளி அறை. ஊசி போட்டு, மரத்துப் போகட்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள். அட்டை மில்லில் முப்பது வருஷமாக பாய்லர் ஓட்டுகிறவர். ஊரே அவரை பாய்லர்காரர் என்றுதான் கூப்பிடும்.

சுவரில் டி.வி. அலறியது.

"அவசரச் செய்தி! அட்டை மில்லில் பாய்லர் வெடித்தது! வேலை நேரத்தில் தூங்கிய ஆபரேட்டர் உடல் கருகி பலி!"

பக்கத்தில் ஒரு போட்டோ.

அவருடைய போட்டோ!

நர்ஸ் டி.வி.யைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐயா... அது... நீங்கதானே?"

"நானேதான்." மரத்த வாய் ஒரு பக்கம் கோணியது. "கருகிட்டேனாம். பல்லு வலி மட்டும் அப்படியே இருக்கு!"

திரையின் மூலையில் மணி... 10.58.

பாய்லர்காரர் போனை எடுத்தார். இன்று அவருக்குப் பதிலாக பாய்லரில் நிற்பவன் நெட்டையன். ஆறடி உயரம். வஞ்சனை தெரியாத ஆள். 'பல்லைப் புடுங்கிட்டு வாண்ணே, நான் பார்த்துக்கறேன்' என்று காலையில் தானாக வந்து நின்றவன்.

"டேய் நெட்டை! பாய்லர் வெடிச்சிருச்சாமே?"

"எவன் சொன்னான்? பாய்லர் முன்னாடிதாண்ணே நிக்கிறேன்!"

"டி.வி.ல சொல்றான். நான் செத்துட்டேனாம்."

"அப்ப உங்க நாற்காலி இனிமே எனக்கு!" நெட்டையன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணே..."

"என்னடா?"

"பிரஷர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிருச்சுண்ணே. ஆவியை வெளியே விடற வால்வு ஊதவே மாட்டேங்குது... இருங்க, மேல பார்க்கறேன்... அய்யோ! வால்வைக் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருக்கான் எவனோ!"

"ஓடுடா! போட்டுட்டு ஓடு!"

"உள்ள பொம்பளைங்க அட்டை அடுக்கிட்டு இருக்காங்க. அவங்களை வெரட்டிட்டு..."

நெட்டையன் கத்துவதும் பெண்கள் ஓடுவதும் சில நிமிஷம் போனில் கேட்டது.

டமார்!

போனில் ஒரு தடவை.

ஜன்னல் கண்ணாடியில் இன்னொரு தடவை!

பாய்லர்காரர் போய்ச் சேர்ந்தபோது பாய்லர் அறைக்குச் சுவர் இல்லை. அட்டை அடுக்கும் பெண்கள் பதினோரு பேர் ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்திக்கும் கீறல் இல்லை.

நெட்டையன் மட்டும் இல்லை.

போன் அடித்தது. மகள்.

"அப்பா! அப்பா! உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்மா. அழாதே."

"டி.வி.யைப் பார்த்து உசுரே போயிருச்சுப்பா! நெட்டை சித்திதான் ஓடி வந்து என்னைப் புடிச்சுட்டு இருக்காங்க. சித்தி, அப்பா பேசறாரு! இந்தாங்க, நீங்களும் பேசுங்க..."

பாய்லர்காரர் போனை அணைத்தார். நெட்டையன் பொண்டாட்டியிடம் என்ன பேசுவது?

நேரே போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நீ செத்துட்டேன்னுல்ல சொல்றான்?"

"அவன் சொன்னா செத்துரணுமா? பாய்லர் எத்தனை மணிக்குங்க வெடிச்சது?"

"பதினொண்ணு மூணு. எனக்கே சத்தம் கேட்டுச்சே!"

"அங்க பாருங்க."

ஸ்டேஷன் டி.வி.யில் சேனல் மார் தட்டிக்கொண்டிருந்தது. 'பத்து ஐம்பத்தெட்டுக்கே முதலில் சொன்னது நாங்கள்தான்!'

இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி..."

"ஜோசியம் பார்த்தானா? பாய்லர்ல விரிசல் இருந்துச்சுங்க. திங்கக்கிழமை வர்ற சர்க்கார் ஆளுக்கு அதைக் காட்டறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தேன். விரிசலும் போச்சு. நானும் போயிருக்கணும். பல்லு வலி காப்பாத்துச்சு!"

"மேனேஜர் இப்ப எங்கே?"

பாய்லர்காரர் டி.வி.யைக் காட்டினார். சேனல் ஸ்டூடியோவில், நேரலையில், மேனேஜர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்!

இருபது நிமிடம்.

ஸ்டூடியோவில் மேனேஜர் இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

"எனக்கு அப்பா மாதிரிங்க அவர். வயசாயிருச்சு... கொஞ்சம் கண் அசந்துட்டார்..."

"யாருக்குடா அப்பா?"

மேனேஜர் திரும்பினார். வாசலில் பாய்லர்காரர், பக்கத்தில் இன்ஸ்பெக்டர்! மேனேஜர் முகம் வெளுத்துப் போயிற்று.

செய்தி ஆசிரியர் ஓடி வந்தார். கண்ணில் பயம் இல்லை. பேராசை!

"உயிரோட இருக்கீங்களா? அடடா! உட்காருங்க பெரியவரே! 'செத்தவர் திரும்பினார்'... வேற எவன்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க!"

"மொதல்ல தப்பா சொன்னோம்னு சொல்லு. செத்தவன் வேற ஒருத்தன்னு சொல்லு. எவனும் தூங்கலைன்னு சொல்லு."

"அதெல்லாம் சின்னதா கீழே ஓட விடலாம்..."

"கீழே ஓட்டறதுக்கு அவன் என்ன சினிமா விளம்பரமா?"

இன்ஸ்பெக்டர் நடுவில் வந்தார். "ஆசிரியரே, ஒரே கேள்வி. பதினொண்ணு மூணுக்கு வெடிச்ச பாய்லரை பத்து அம்பத்தெட்டுக்கு எப்படி வெடிக்க வெச்சீங்க?"

ஆசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க கடிகாரம்... கொஞ்சம் ஸ்லோ..."

"ஸ்லோவா? செய்தியைப் பார்த்துட்டுத்தான் நான் போன் போட்டேன்," என்றார் பாய்லர்காரர். "போன்ல பேசறப்பதான் வெடிச்சது. செத்தவனே அதைக் கேட்டுச் சிரிச்சான்யா!"

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். ஆசிரியரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"படுபாவி! நான் போன் பண்ணின பிறகு போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேனேடா!"

"எதிர் சேனல் வண்டி மில் பக்கம் போச்சு சார்... முந்திக்குவானோன்னு..."



இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள்.

மேனேஜரின் காலரில் மைக்!

மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தனையும் நேரலை!

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "இதையும் நீங்கதான் முதல்ல சொல்லியிருக்கீங்க. வாங்க போகலாம்."

செய்தி வாசிக்கும் பெண் மட்டும் மேஜையில் மிச்சம். பேனாவை எடுத்தாள்.

"ஐயா... என்ன சொல்லணும்?"

"எழுதிக்கோ. செத்தவன் நெட்டையன். தூங்கலை. பதினோரு பொம்பளைங்களை வெளியே வெரட்டிட்டு செத்தான். இதை அவன் பொண்டாட்டிகிட்ட நான் நேர்ல போய்ச் சொல்றேன். அதுக்கப்புறம் போன் பண்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"மத்த சேனல் முந்திட்டா..."

"முந்தட்டும்!"

முக்கால் மணி நேரம் அந்தச் சேனலில் பாட்டு ஓடியது. பாய்லர்காரரின் போன் வந்த பிறகு அவள் வாசித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை... ஒரு சொல் குறைக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் சேனல் வண்டி வந்து நின்றது. அதே பெண். கையில் மைக்.

"ஐயா, இனிமே எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் போடுவோம். சத்தியமா! நீங்க ஒரு வார்த்தை பேசினா..."

பாய்லர்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பை மாட்டினார். நெட்டையன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"ஐயா! நம்பிக்கை இல்லையா?"

அவர் திரும்பவே இல்லை.

"நான் உசுரோட இருக்கேனான்னு மொதல்ல ரெண்டு பேரை விசாரி. அப்புறம் வா!"