விசில் நிற்காத தொட்டில்

அன்று பிற்பகல் மகனின் விசிலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குரல்வளைச் சதை பிறவியிலேயே தொளதொளவென்று இருந்ததால், மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வரும்; அவனைப் பெற்றவளின் அக்கா அவனுக்குக் ‘குக்கர்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். வளர வளரச் சதை இறுகிவிடும், அதுவரை நெஞ்சுக்குழி உள்ளே ஒட்டுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தூக்கமில்லாத தாய் எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? காதை மட்டும் தொட்டிலில் விட்டுவிட்டு, ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பால்வாடை போகாத துணிகளை மடிக்கப் பழகிவிட்டாள்.

கீச். கீச். எச்சில் விழுங்கவாவது நடுவில் நிற்குமே?

திரும்பினாள். உதடு நீலம். நெஞ்சு அசையவில்லை. விசில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வாரி எடுத்தாள். “அக்கா! ஆம்புலன்சக் கூப்பிடு!” என்ற கத்தல் மொட்டைமாடி வரை போனது. மகன் கையில் துவண்டு கிடந்தான். காலித் தொட்டில் மூச்சு வாங்கியது. அவசர அவசரமாக. திருடிய பண்டத்தை ஒளிந்து தின்பதுபோல.

பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது.

“யாரு வீட்டு மூச்சு அது? குடுடி! இல்ல, குடுடா! எதுவா இருந்தாலும் குடு!”

மகனைக் கட்டிலில் கிடத்தினாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினாள். ஒன்று. இரண்டு. நெஞ்சு எழுந்தது. மூன்றாவதற்கு அவள் காற்றை இழுத்தபோது, குளிர்ந்த ஏதோ ஒன்று பல்லிடுக்கில் நுழைந்து தொண்டைக்குள் இறங்கியது. தொட்டில் அடங்கியது. விடாமல் ஊதினாள்.

மகன் வீறிட்டு அழுதான்.

அக்கா போனும் கையுமாக ஓடிவந்தாள். “வந்துட்டிருக்காங்க. அடியே, சத்தமே இல்லாம மூச்சு விடுறான் பாரு!”

அவள் உதட்டை இறுக்கி, மூக்கையும் பொத்திக்கொண்டாள்.

கீச்.

அவள் தொண்டைக்குள்ளிருந்து.

அக்காவின் முகம் வெளுத்தது.

“இங்கயே கெட,” என்று அவள் தன் தொண்டையிடமே சொன்னாள். “என்னத் தாண்டி அவன்கிட்ட போயிரு, பாக்கலாம்.”

மறுபடி மூச்சை அடக்கினாள். கழுத்துக்குழி மட்டும் உள்ளே ஒட்டியது. எழுந்தது. ஒட்டியது. மகன் அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.