வெள்ளிக்கிழமை ஊசி

ஐந்து மணி நேரம், இருபது நிமிடம்.

இலுப்பூர் உரக்கடை ரத்தினவேல் இன்னும் கண் திறக்கவில்லை.

புதுக்கோட்டையின் அந்தத் தனியார் மருத்துவமனையில் அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருந்தது. சர்க்கரை இறங்கிக்கொண்டே இருந்தது.

முப்பத்தொன்று... இருபத்தெட்டு...

டாக்டர் இனியா வெளியே வந்தாள். சந்தேகப்பட்டு போலீஸை அழைத்தவள் அவள்தான். பெஞ்சில் ரத்தினவேலின் மனைவி பிரகதீஸ்வரி. எதிரே இன்ஸ்பெக்டர் கோபிநாத். அவர் கையில், அந்த வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு ஊசிப் பேனாக்கள்.

"இதுல எது யாரோடதுங்க?"

"அவருக்கு தினம் போடுறது. எனக்கு வாரத்துக்கு ஒண்ணு. ரெண்டுமே சுகருக்குத்தான் சார்."

"வார ஊசியை அவருக்கு மாத்திப் போட்டுட்டீங்களா?"

இனியா குறுக்கிட்டாள்.

"போட்டிருந்தா வாந்தி வரும், வயிறு வலிக்கும். தின மருந்து ரெண்டு மூணு நாள்ல போயிரும், வார மருந்து ஒரு மாசம் ஒடம்புல தங்கும். ஆனா சர்க்கரை ஏறினாத்தான் ரெண்டும் வேலை செய்யும். தனியாப் போட்டா இப்படி இறக்காது சார். இது வேற மருந்து. என்ன, எவ்வளவுன்னு தெரியணும். தெரியலைன்னா..."



கோபிநாத் வாரப் பேனாவின் மேல் ஒட்டியிருந்த பெயர்க் காகிதத்தை நகத்தால் சுரண்டினார். உரிந்தது. அடியில் இன்னொரு காகிதம்.

இன்சுலின்.

"ஒட்டினது நீங்களா?"

"அவருங்க."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமைதான் நான் ஊசி போடுற நாள். பச்சைத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்குறதும் அன்னைக்குத்தான். நான் போய்ச் சேந்தா, சுகர்ல போயிட்டாள்னு ஊரே நம்பும்."

கோபிநாத் பேனாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் பேனாவைத் திருகினா மருந்தளவு ஒரே நம்பர்ல நின்னுரும். இது அறுபது வரைக்கும் ஓடுச்சு. வீட்டைத் துழாவினேன். என் நெசப் பேனா அவரு டிராயர்ல கெடந்துச்சு, காகிதம் இல்லாம."

"சரி, நீங்க போட்டுக்கலை. அப்புறம் அது எப்படி அவரு ஒடம்புக்குள்ள..."

பிரகதீஸ்வரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நர்ஸ் ஓடிவந்தாள். "டாக்டர், இருபத்திரண்டு."

"எவ்வளவு போச்சுன்னு சொல்லுங்கம்மா. அவரைக் காப்பாத்தணும்."

பிரகதீஸ்வரி நிதானமாக எழுந்தாள்.

"முழுசா அறுபதும்தான் டாக்டர். அவருக்கு ஊசின்னா பயம். கண்ணை மூடிக்கிட்டு தொடையைக் காட்டுவாரு, நாந்தான் போட்டுவிடுவேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள இது என்னோடது, அது ஒன்னோடதுன்னு பிரிச்சா பாப்பாங்க?"