கொழுந்து நிறுக்கும் நேரத்து விளக்குகள்

மழை கொட்டிய ஒரு ஞாயிறு காலை, பதுளையில் தனேஸ்வரனின் வீட்டு வாசலில் றீட்டா வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்து, நனைந்த குடையை ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு மேல களவுப் பழி போட்டுட்டாங்க. புதன்கிழமைக்குள்ள தெளியலேன்னா வேலையும் போயிரும், லயத்து வீடும் போயிரும்."

றீட்டா ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். கணவர் யேசுரத்தினம் அங்கே மின்வேலைக்காரர். தோட்டத்தின் புதிய அலுவலகத்துக்குப் பசுமைக் கட்டிடச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். மின்சாரம் சிக்கனமாகச் செலவாவதை மாதக்கணக்கில் காட்டவேண்டும். பதுளையில் ரேடியோ திருத்தும் றஹீம்தான் மலிவாக மின்மானிகள் செய்து பொருத்தினான். சில நாட்களில் மேல்மாடி மின்செலவு திடீரென எகிறியதை அவை குறித்துவைத்தன. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு யேசுரத்தினம் கள்ள லைன் இழுத்துவிட்டார் என்று தோட்ட மேலாளரான துரை முடிவுகட்டினார். புதன்கிழமை கொழும்பிலிருந்து பரிசோதகர்கள் வருகிறார்கள்.

தன் மானி ஒரு மனிதனின் வயிற்றில் அடித்துவிட்டதே என்று, றீட்டாவைக் கூட்டிவந்த றஹீமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். "மானி பிழையோ, சேர்?"

"கொஞ்சம் இரும் ஐசே, தலை சுத்துது." ஓய்வுபெற்ற மின் பொறியியலாளரான தனேஸ்வரன், மானிக் கணக்கு எழுதிய தாள்களைப் புரட்டினார். "எகிறினதெல்லாம் மழை நாள். நேரம் எப்பவும் பன்னிரண்டுக்கும் ஒண்டுக்கும் இடையில."

"மழை இருட்டுக்கு லைட் எரியும்தானே?"

"போன ஞாயிறும் மழை. ஒண்டும் ஏறேல்லை. களவெண்டால், லயத்தில எல்லாரும் நிக்கிற ஞாயிறிலதானே கூட ஏறவேணும்?"

மறுநாளும் மழை. பகல் பன்னிரண்டுக்குத் துரையையும் யேசுரத்தினத்தையும் றஹீமையும் அலுவலக மேல்மாடியில் நிறுத்தினார் தனேஸ்வரன். கிளாக்கர்மார் சாப்பிடப் போயிருந்தார்கள். பளிச்சென்று எல்லா விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. சுவிட்சை ஒருவரும் தொடவில்லை.

"இப்ப கீழ வாங்கோ."

கீழே வராந்தாவில் கொழுந்து நிறுக்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சுவரில் துருத்திநின்ற சின்ன வெள்ளைப் பெட்டியில், இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று நீர் சொட்டத் தொங்கியது.

"அல்லாஹ்! அது வெளிச்சம் பாக்கிற கண்ணு!" றஹீம் கத்தினான். "அத மூடினா வெளிய இருட்டுன்னு நெனச்சு, மேல எல்லாம் எரியும்!"

"என் படங்குங்க," என்றாள் வரிசையில் நின்ற றீட்டா. "பகல் நிறுவை மட்டுந்தான் இங்க. ஈரத்தோட தராசுகிட்ட வரப்படாதும்பாங்க. பழைய கட்டிடத்துல வரிசையா ஆணி இருந்துச்சு. இங்க இது ஒன்னுதான் மாட்டுற மாதிரி இருந்துச்சு."

"எங்கட ஜன்னலில நீங்க குடை மாட்டினதை வைச்சுத்தான் யோசிச்சன்," என்றார் தனேஸ்வரன். "மழையில்லை, மழையில நனைஞ்ச ஆக்கள்தான் காரணம். ஞாயிறில கொழுந்தெடுக்க ஆக்கள் வாறேல்லை."

"அப்ப களவாணி என் பொஞ்சாதியா?" என்றார் யேசுரத்தினம். வரிசையே சிரித்தது. துரையால் சிரிக்க முடியவில்லை.

"யேசுரத்தினம், நான் அவசரப்பட்டுட்டேன். வேலையப் பாரு."

"மொதல்ல ஆணி அடிக்கிறேன், தொரை."

"பிழை எது, எப்பிடித் திருத்தினது எண்டு பரிசோதகருக்கு எழுதிக் குடுங்கோ," என்றார் தனேஸ்வரன். "அதுக்குத்தானே மானி."

செவ்வாயும் மழை பெய்தது. சுவரில் பதினெட்டு ஆணிகளில் பதினெட்டுப் படங்குகள் சொட்டின. பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை றஹீம் மானியை விட்டு நகரவில்லை. எண் எகிறவேயில்லை. அதன்பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.