வாழிடம் பற்றிய பத்தி

ஆஜரானவர்கள்:
மண் ஆணையர் ரித்விக்.
நிலத்தில் குடியிருக்கும் வர்ஷிகா, வயது ஐம்பத்தேழு.
ஆய்வு உதவியாளன் இமயன், அதாவது நான்.
சாட்சிப்பொறி ஒன்று.
நூற்புழுக்கள்: பெண் பதினான்கு, ஆண் மூன்று. அனைத்தும் இறந்தவை.

புதிய உயிரினம் ஒன்றுக்கு விவரிப்பு எழுதும்போது இப்படித்தான் தொடங்க வேண்டும். புழுவையும் ஆஜர் பட்டியலில் சேர்ப்பது சட்டம். மனிதர்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைப் பற்றி ஆணையத்துக்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

நொய்யல் கரையில் மண் செத்து நாற்பது வருடம் ஆகிறது. சாயத்தைக் குடித்துக் குடித்துச் செத்தது. அதன்மேல் மண்மூடி என்ற சாம்பல் நிறப் படலத்தைப் போர்த்திவிட்டார்கள். நெல் தொட்டியில் விளைகிறது, கீரை சுவரில் விளைகிறது. எங்காவது ஒரு துண்டு நிலம் தப்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு இரவு ஷிஃப்ட். மண்ணைத் துணியில் கட்டிப் புனலில் வைப்பேன். உயிருள்ள நூற்புழு இருந்தால் விடிவதற்குள் நெளிந்து அடியில் இருக்கும் தண்ணீருக்கு இறங்கிவிடும். இறங்காது. 'இல்லை' என்று எழுதுவேன். பதினொரு வருடமாக அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு காலையில், ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு வர்ஷிகா டிஃபன் பாக்ஸில் மண் கொண்டுவந்தார்.

"தம்பி, இதுல உசுரு இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்க. இருந்தா தரையிலயே கீரை போட அனுமதி தருவாங்களாமா."

"எங்க எடுத்தீங்க அக்கா?"

"எங்கூட்டுக்குப் பின்னால. பத்தொம்பது வருசமா கழுநீர் ஊத்திக் கிளறிட்டு இருக்கறேன். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"முனைவர் பட்டத்துக்கு. பாதியில விட்டுட்டேன்."

"முழுசாப் படிச்சிருந்தா இன்னும் பெரிய புழுவாக் குடுத்திருப்பாங்க போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் புனலில் புழு இருந்தது. அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் நீளம். நுண்ணோக்கியில் வைத்தபோது வாயைச் சுற்றி ஆறு சிறிய சீப்புகள் தெரிந்தன. அந்தச் சீப்புகளால் பாக்டீரியாவை வாரி வாரித் தின்றது. எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு வாய் இல்லை. படிப்பை முடிக்காதவன், ஊரில் 'புழுப் பொறுக்கி' என்று பேர் வாங்கியவன், உலகத்தில் யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டான். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன்; அழுத்தினால் அது நேராக ஆணையத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

உயிர்மண் சட்டம் எனக்குத் தெரியாததல்ல. புதிய உயிரினம் கிடைத்த நிலம் ஆணையத்துக்குச் சொந்தம். குடியிருப்பவர்கள், விவரிப்பு ஏற்கப்பட்ட ஏழாம் நாள் வெளியேற வேண்டும். சுற்றிலும் வேலி, இரும்புக் கதவு, அதில் உயிரினத்தின் பெயர்ப்பலகை. மாவட்டத்தில் வேறு ஆய்வகத்தார் கண்டுபிடித்ததை வைத்து இப்படிப் பதினொரு நிலங்களை ஏற்கெனவே அடைத்துவிட்டார்கள். அடைத்த பிறகு வந்த மாதிரிகளைப் பார்த்தது நான்தான். ஒரு வருடத்துக்குள் பதினொன்றும் 'இல்லை'. அந்த மண்ணுக்குத் தினமும் எதையாவது போட்டு, ஊற்றி, கிளறிக்கொண்டிருந்த ஆளை விரட்டிவிட்டால் புழு எதைத் தின்னும்? இதை ஆறு முறை எழுதி அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

வர்ஷிகாவின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உசுரு இருக்குதான்னுதான கேட்டேன். புதுசா பழசான்னு கேட்டனா?"

"இல்லீங்க அக்கா."

"அப்பறம் எதுக்கு எழுதுனீங்க?"

அவரை அங்கிருந்து கிளப்பாமல் இருக்க வழி தேடினேன். அந்த மண்ணில் ஒரு சட்டி அள்ளிக்கொண்டு வந்தேன். ஆய்வகத்தில் நானே அரிசி களைந்து, புளிக்கவைத்து ஊற்றினேன். ஒன்பதாம் நாளோடு புழு முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. வர்ஷிகா தன் வீட்டில் வைத்து ஊற்றிவந்த இன்னொரு சட்டியில் மட்டும் இட்டுக்கொண்டே இருந்தது. வித்தியாசம் என்னவென்று தேடியதில் அகப்பட்டது அவருடைய கை. கழுநீரை அவர் கையைவிட்டுத்தான் கலக்குவார். பத்தொன்பது வருடமாக அந்தத் தோலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாதான் புழுவுக்குச் சோறு. அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தேன். வளரவில்லை. சட்டிச் சோதனையை, ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தொடங்கி, ஒரு மாதத்தில் நான்கு முறை செய்துபார்த்தேன். நான்கு முறையும் அதே கணக்கு.

அந்த ஒரு மாதமும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சட்டத்தை அதன் வாயாலேயே மடக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

விவரிப்பை நிலத்தில் நின்றுதான் வாசிக்க வேண்டும். ஆணையர் ரித்விக் காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு வந்தார். வாசிப்பதைக் கேட்டு ஏற்கவோ மறுக்கவோ செய்யும் சாட்சிப்பொறி முக்காலியில் இருந்தது. நீளம், வாயின் அமைப்பு, வால், ஆணின் கொக்கி எல்லாம் படித்தேன். இனத்துக்கு வர்ஷிகாவின் பெயரையே வைத்திருப்பதைச் சொன்னபோது அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு வாழிடம் பற்றிய பத்திக்கு வந்தேன்.

'இப்புழு வர்ஷிகா என்பவர் தம் கையால் கலக்கி ஊற்றும் கழுநீர் சேர்ந்த மண்ணில் மட்டுமே வாழ்கிறது. அவர் கை படாத மண்ணில் இனம் பெருகுவதில்லை. எனவே அவர் இப்புழுவின் வாழிடத்தில் ஒரு பகுதி.'

ரித்விக் அளவுகளைக் கேட்டார். நான்கு சோதனைகளையும் காட்டினேன். சாட்சிப்பொறியில் பச்சை விளக்கு எரிந்தது. ஏற்றுக்கொண்டது.

"அப்ப நான் போக வேண்டாமுங்களா?" என்று வர்ஷிகா கேட்டார்.

"போகக் கூடாதுங்கம்மா" என்றார் ரித்விக். "ஒன்பதாம் பிரிவு. வாழிடத்தின் எந்தப் பகுதியையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது."

அந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம். ஒரு பிடி மண்ணுக்காகவும் நாலு இலைக்காகவும் எழுதியது. ஒரு மாதம் முழுக்க அது என் நினைவுக்கே வரவில்லை.

"சார், அவங்க மனுஷி."

"நான் இல்லைன்னு சொன்னனா? வாழிடம்னு எழுதுனது நீங்க. நல்லாவும் எழுதியிருக்கீங்க."

"பத்தியை எடுத்துடறேன்."

"பச்சை எரிஞ்சிருச்சு இமயன். இனி நானே நினைச்சாலும் ஒரு எழுத்தை மாத்த முடியாது. சாப்பாடு, டாக்டர், எல்லாம் உள்ளயே வரும். அவங்களுக்கு ஒரு குறையும் இருக்காது." நிஜமாகவே நல்லது செய்துவிட்டதாக அவர் நம்பினார். ஓங்கி அறையலாம் போல இருந்தது. அறைய வேண்டிய முதல் ஆள் அவர் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

வேலி போட ஆறு நாள் ஆனது. ஏழாம் நாள் கதவை மாட்டினார்கள். வர்ஷிகா வாசலுக்கு வெளியே, தெருவில் பையோடு நின்றிருந்தார். ஓசூரில் மகளுக்கு இந்த வாரம் பிரசவம்.

"ரெண்டு நாள்தான் தம்பி. குழந்தை மூஞ்சியைப் பார்த்துட்டு வந்துருவேன். கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டேன் அக்கா. விட மாட்டேங்கறாங்க."

"நைசா கையைக் கழுவிட்டுப் போனா?"

காவலர் அவர் தோளைத் தொடாமல், கையை மட்டும் பார்த்துக்கொண்டு, உள்ளே போகச் சொல்லிச் சைகை காட்டினார். கை கீறல்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிலேயே இருந்தது.

வர்ஷிகா கதவில் இருந்த பலகையை ஒருமுறை படித்தார்.

"எம் பேரை எடுத்துருங்க."

"முடியாதுங்க அக்கா. ஒருதடவை வெச்சா வெச்சதுதான்."

"புழுவைப் பத்தி அவ்வளவு எழுதுனீங்களே. என்னைப் பத்தி ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. காவலர் கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.