படிக்காத சைரன்

"இனிமேல் இந்த ஜவ்வாது மலையில் யாரும் எதையும் படிக்கத் தேவையில்லை" என்று ஏழாம் வகுப்பு அஜய் அறிவித்தான்.

காரணம் இருந்தது. பள்ளியின் பழைய கம்ப்யூட்டரை அவன் சர்வராக மாற்றியிருந்தான். காவலூரில் பஸ் கிளம்பும்போது கண்டக்டர் சிங்காரம் போனிலிருந்து அதற்குச் செய்தி அனுப்புவார். செய்தி வந்ததும் அஜய் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் தானாக ஓடும். பள்ளிக் கூரையில் சைரன் அலறும். அதைக் கேட்டு ஊரார் பஸ்ஸுக்கு இறங்கி வரலாம்.

"செய்தியில இன்னா இருக்குன்னு அது பாக்காதா?" என்று கேட்டாள் அவன் வகுப்புக் காவியா.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறதெல்லாம் ஒன்ன மாதிரி ஆளுங்களுக்கு. செய்தி வந்துச்சா, அலறுச்சா, அவ்ளோதான்."

திங்கட்கிழமை சைரன் அலறியது. காவியாவின் அம்மா சசிகலாவுக்கு அன்றுதான் திருப்பத்தூரில் கால் மாவுக்கட்டைப் பிரிக்க வேண்டும். மகளின் தோளைப் பிடித்து நொண்டி நொண்டிச் சரிவில் இறங்கினார். ஒரு மணி நேரம் நின்றார்கள். பஸ் வரவில்லை.

காவியா சிங்காரத்துக்குப் போன் போட்டாள்.

"வண்டி ரிப்பேரு, இன்னிக்கு வராதுன்னு அப்பவே அனுப்பிட்டேனே பாப்பா" என்றார் அவர்.

அந்தச் செய்திக்குத்தான் சைரன் அலறியிருக்கிறது. காவியாவுக்குக் காது மடல் சுட்டது. நேராக அஜய்யிடம் போனாள்.

"செய்தி வந்துச்சு, அலறுச்சு. ஸ்கிரிப்ட்டுல ஒரு தப்பும் இல்ல" என்றான் அவன், நகத்தைப் பார்த்தபடி.

"எங்கம்மா ஒத்தக் கால்ல எறங்கி வந்துச்சுடா."

"அதுக்கு நான் இன்னா பண்ண?"

மாலையில் காவியா மேட்டிலிருந்த தன் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். "அஜய், ஓடி வா."

பள்ளத்திலிருந்து அவன் மூச்சிரைக்க ஏறி வந்தான். "இன்னா?"

"வர வேணாம்னு சொல்லத்தான் கூப்ட்டேன்."

முறைத்துக்கொண்டே இறங்கினான். அவன் கீழே போய்ச் சேர்ந்ததும் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை ஒரு கால் செருப்போடு ஓடி வந்தான்.

"இப்பவும் வர வேணாம்."

"பைத்தியமா ஒனக்கு?"

"கூப்ட்டேன், வந்தே. ஒரு தப்பும் இல்ல."

மூன்றாவது முறை அவன் கீழேயே நின்றுகொண்டான். "எதுக்குன்னு மொதல்ல சொல்லு. கேட்டுட்டுதான் வருவேன்."

"அத ஒன் சர்வருக்குச் சொல்லிக் குடு. நாளைக்கும் எங்கம்மா சும்மா எறங்குச்சுன்னா, அந்த சைரனைப் புடுங்கி ஒன் கழுத்துல மாட்டிடுவேன்."

அஜய் உள்ளே போனான்.

செவ்வாய்க்கிழமை மீண்டும் சைரன் அலறியது. "மொதல்ல போய்ப் பாத்துட்டு வா" என்றார் அம்மா. காவியா பள்ளிக்கு ஓடினாள்.

அஜய் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "'கிளம்பியாச்சு'ன்னு இருந்தா மட்டும்தான் இப்ப அலறும். அம்மாவக் கூட்டிட்டு வா."

அம்மாவும் மகளும் இறங்கி வருவதற்கும் பஸ் வளைவில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. பஸ் பள்ளியை ஒட்டித் தாண்டும்போது காவியா ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள்.

கம்ப்யூட்டர் திரையில் சிங்காரத்தின் செய்திமேல் விரலை வைத்து, அஜய் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.