ஐம்பத்திரண்டு நிமிடப் பதிவு

ஒலியே வேலை செய்யாத கணினி இருமியது.

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தான். லேப்டாப்புக்குள் ஒரு ஜன்னலில் மனைவியின் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெட்டி எப்போதோ செத்துவிட்டது; ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அப்படியே பிரதியெடுத்து, அதே பழைய இயங்குதளத்தோடு விர்ச்சுவல் மெஷினாக எழுப்பியிருந்தான். சாதனங்களின் பட்டியலில் ஒலிக்கு நேராக மஞ்சள் ஆச்சரியக்குறி நின்றது. ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் ஒரு முணுமுணுப்புகூட வெளியே வராது. இந்தத் தொழிலில் அது அரிச்சுவடி.

லேப்டாப்பின் கரகரப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மணி இரண்டே முக்கால்தான், ஆனாலும் மழை கவிந்து அறை இருண்டிருந்தது. பூட்டிய ஜன்னலின் இடுக்கில் காற்று நுழைந்து மெல்ல விசிலடித்துக்கொண்டிருந்தது, சூடான பிளாஸ்டிக் வாடையும் ஈரத் துணியின் வாடையும் கலந்து வந்தன. வழக்கம்போலக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தான். மேசையில் மகளின் நீல இன்ஹேலர் கிடந்தது. காலையில் எத்தனை பஃப் மிச்சமிருக்கிறதென்று பார்க்க எடுத்தவன், பையில் திரும்ப வைக்க மறந்துவிட்டான். மூச்சுத் தொல்லை அவளுக்குத் தாய்வழிச் சீதனம்.

"அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்? எனக்கு மறந்து போச்சு" என்று கேட்டிருந்தாள் சிட்டு. ஆறு வயது. அம்மா போய் இரண்டு வருடம்.

"இன்னிக்கு ஸ்கூல் விட்டு வா. அம்மா உனக்குச் சொன்ன கதையெல்லாம் கேக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கதைகள் எல்லாம் இந்தக் கணினியில்தான் இருந்தன. ஆனால் மனைவி பதிவு செய்த மென்பொருள் தன் கோப்புகளை வேறு யாருக்கும் திறந்து காட்டாது. ஒலி டிரைவர் இல்லையென்றால் தானும் பட்டியலை மட்டுமே காட்டும், ஒலிக்காது. அலுவலக நண்பனிடம் யோசனை கேட்டபோது அவன் சிரித்தான். "பழைய டிரைவரும் பழைய சொந்தக்காரனும் ஒண்ணுடா. கூப்பிட்டா வர மாட்டான், வந்தா போக மாட்டான். எதுக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்க."

எடுத்து வைத்திருந்தான். கணினி இந்த நொடியில் எப்படி இருக்கிறதோ அப்படியே உறையவைப்பதுதான் ஸ்னாப்ஷாட். டிரைவர் கெடுத்தால் ஒரு சொடுக்கில் இங்கே திரும்பிவிடலாம்.

அதன் பிறகுதான் கோப்புகளை எண்ணினான். முப்பத்திரண்டு. எல்லாம் பத்து நிமிடத்துக்குள். கடைசியாக இருந்தது மட்டும் ஐம்பத்திரண்டு நிமிடம். தேதி, அவள் செத்த தேதி.

அன்று தான் கடைக்குப் போயிருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவளுடைய அம்மாவிடமும், மருத்துவரிடமும். சிட்டுவிடமும் ஒருநாள் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஒரு கோப்பு அவள் காதில் விழவே கூடாது. அழித்தான். மூச்சு வந்தது.

முதல் டிரைவரை நிறுவினான். கணினி செயலிழந்து நின்றது. நீலத் திரை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினான். கோப்பு திரும்ப வந்திருந்தது. வரத்தானே செய்யும், அழிப்பதற்கு முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் அல்லவா? தன் முட்டாள்தனத்தை நொந்துகொண்டு மறுபடி அழித்தான். இரண்டாவது டிரைவர். மறுபடி நீலத் திரை. மறுபடி திரும்பினான். முப்பத்திரண்டு. மறுபடி அழித்தான். ஒவ்வொரு முறையும் அவளையே அழிப்பதாக மனசு குத்தியது.

மூன்றரைக்கு ஒலி அட்டையின் வகையை அமைப்பில் மாற்றிவிட்டு, இன்னும் பழைய டிரைவர் ஒன்றைப் போட்டான். சான்று இல்லாத டிரைவர், தொடரவா என்று கணினி கேட்டது. தொடர் என்றான். மஞ்சள் குறி மறைந்தது. மறுபடி மாட்டிக்கொண்ட ஹெட்போனில் தொடக்க இசை கணீரென்று ஒலித்தது. வாய்விட்டுச் சிரித்தான்.

பட்டியலைத் திறந்தான்.

இந்த முறை அவன் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அழித்தது அழித்ததுதான்.

முப்பத்திரண்டு.

அவன் மௌஸைத் தொடவில்லை. கடைசிக் கோப்பு தானாக ஓடத் தொடங்கியது.

"ஒரு ஊர்ல ஒரு குட்டி யானை இருந்துச்சாம் சிட்டு. அதுக்குத் தண்ணின்னா பயம்..." அவள் குரல். இரண்டு வருடத்துக்குப் பிறகு. அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. யானை ஆற்றங்கரைக்குப் போனது. அப்போது இருமல். கதை நின்றது. நீளமான, கீச்சென்ற மூச்சு. நாற்காலி உரசும் சத்தம். வெறும் கால்கள் தரையில் இழுபட்டு மைக்கை விட்டு விலகிப் போயின. தூரத்தில், இந்த அறையின் கதவில் ஒரு தட்டு.

"ஏங்க. பஃப் உங்க மேசையில இருக்குங்க."

தட்டு.

"ஏங்க, கதவைத் திறங்க."

அன்று இதே அறைக்குள் அதே சத்தம் அவன் காதில் விழுந்தது. ஹெட்போனில் மேலதிகாரி பேசிக்கொண்டிருந்தார். என்னத்தையோ கேட்கிறாள், அப்புறம் பார்க்கலாம் என்று ஒலியளவை ஏற்றிக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்தது.

தட்டு. தட்டு. நாற்பது நிமிடம் இதேவா? நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. விர்ச்சுவல் மெஷினையே மூடினான். ஜன்னல் மறைந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

தட்டு.

அவனுக்குப் பின்னால். கதவில்.

மணி நான்கு ஐந்து. மாடிவீட்டு அக்காதான் தினமும் சிட்டுவைப் பள்ளி வேனிலிருந்து இறக்கி, தன்னிடமுள்ள சாவியால் வாசலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டுப் போவாள். அவனுக்கு உயிர் வந்தது.

"சிட்டு?"

"அப்பா." இருமினாள். "மழைல நனைஞ்சுட்டேன். பஃப் பையில இல்லப்பா."

"இங்க இருக்கும்மா. இதோ." இன்ஹேலரை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தான்.

தட்டு. கீழே, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.

தட்டு. மேலே. அவன் முகத்துக்கு நேராக.

"அப்பா, சீக்கிரம் திறங்க. அம்மாவுக்கும் மூச்சு முட்டுது."

கை நகரவில்லை. திற. பிள்ளை. திறடா. விரல்கள் தாழ்ப்பாளிலேயே மரத்துப்போயின. கதவின் அடியிடுக்கில் ஈரம் கசிந்து வந்தது. இரண்டு சின்னப் பாதங்களின் நிழல். அவற்றை ஒட்டினாற்போல், செருப்பில்லாத இரண்டு பெரிய பாதங்கள்.

கீச்சென்று ஒரு மூச்சு. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"ஏங்க."

தட்டு. தட்டு. தட்டு.

கீழே தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. மேலே தட்டிய கை மட்டும் நிற்கவில்லை.